மூன்று கொட்டேஷன், ஒரே 176: கேம்பஸுக்கும் சர்வர் ரூமுக்கும் ஸ்விட்ச் வாங்கும் முன்

போன வாரம் வாசகர் ஒருவர் மூன்று கொட்டேஷன்களைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பொறியியல் கல்லூரி ஒன்றில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவர். 14 கட்டிடங்கள், கணினியும் போனும் நேராக மாட்டும் ஆக்சஸ் ஸ்விட்ச் அறுபது சொச்சம், நிர்வாகக் கட்டிடத்தில் 8 சர்வர்கள் உள்ள ஒரு சின்ன அறை. இப்போது ரேக்கில் இருப்பவை பெரும்பாலும் சிஸ்கோ 2960-எக்ஸ். அந்த வரிசையின் விற்பனை 2022 அக்டோபரில் நின்றுவிட்டது, ஆதரவும் 2027 அக்டோபரோடு முடிகிறது. மாற்றியாக வேண்டிய கட்டாயம். "மூணு கொட்டேஷன்லயும் ஸ்விட்சிங் கெப்பாசிட்டி 176 ஜிபிபிஎஸ்னுதான் சார் போட்டிருக்கு. அப்ப எல்-1 யாரோ அவங்களுக்கே கொடுத்துடலாமா?" என்று கேட்டிருந்தார். எல்-1 என்றால் மிகக் குறைந்த விலை போட்டவர்.

அந்த 176 எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். 1 ஜி (நொடிக்கு ஒரு ஜிகாபிட்) போர்ட் 48, மேலே உள்ள ஸ்விட்ச்சோடு இணைக்கும் 10 ஜி அப்லிங்க் 4. கூட்டினால் 88. போவதையும் வருவதையும் தனித்தனியாக எண்ணி இரண்டால் பெருக்கினால் 176. அவ்வளவுதான். பக்கத்திலேயே போட்டிருக்கும் 130.95 எம்பிபிஎஸ் (நொடிக்கு எத்தனை மில்லியன் பாக்கெட்) என்ற எண்ணும் அப்படியே: ஒரு ஜி வேகத்தில் மிகச் சிறிய பாக்கெட் நொடிக்கு 14.88 லட்சம் போகும், அதை 88-ஆல் பெருக்கியிருக்கிறார்கள். எந்தக் கம்பெனி பெட்டியாக இருந்தாலும் போர்ட் எண்ணிக்கை ஒன்றென்றால் இந்த இரண்டு எண்ணும் ஒன்றாகத்தான் வரும். இவற்றை வைத்து ஒப்பிடுவது, நான்கு கார்களுக்கும் நான்கு சக்கரம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து கார் வாங்குகிற மாதிரி.

வித்தியாசம் வேறு இடங்களில் இருக்கிறது. டேட்டாஷீட்டின் மூன்றாம் பக்கத்திலோ லைசென்ஸ் ஒப்பந்தத்தின் கடைசியிலோ இருக்கும். சில சமயம் எதிலுமே இருக்காது, உங்கள் கட்டிடத்துச் சுவருக்குள் இருக்கும்.

## எதை வைத்து அளப்பது

பெட்டி எங்கே உட்காரப் போகிறது. மாடிப்படிக்குக் கீழே ஏசி இல்லாத அலமாரியிலா, குளிரூட்டிய ரேக்கிலா? கேம்பஸ் ஸ்விட்ச்கள் பொதுவாக 45 டிகிரி வரை தாங்கும் என்று எழுதியிருப்பார்கள். மே மாதம் மொட்டை மாடிக்கு ஒட்டிய அறையில், கதவடைத்த ரேக்கினுள் அந்த 45 ஒன்றும் பெரிய தூரமில்லை.

பிஓஇ வாட். நெட்வொர்க் கேபிள் வழியாகவே கருவிக்கு மின்சாரம் தருவதுதான் பிஓஇ. "48 போர்ட் பிஓஇ பிளஸ்" என்று பெயர்ப்பலகையில் இருந்தால் 48 போர்ட்டும் ஒரே நேரத்தில் 30 வாட் தரும் என்று அர்த்தமில்லை. உதாரணத்துக்கு கேட்டலிஸ்ட் 9300-இன் 48 போர்ட் பிஓஇ பிளஸ் மாடலில், கூடவே வரும் 715 வாட் பவர் சப்ளை ஒன்றை மட்டும் போட்டால் பிஓஇ-க்குக் கிடைப்பது 437 வாட். முழு 30 வாட் கேட்கும் கருவிகள் என்றால் பதினான்கோடு சரி, பதினைந்தாவது எரியாது. 48-க்கும் முழுசாக வேண்டுமானால் 1,440 வாட் தேவை, அதற்கு இரண்டாவது பவர் சப்ளை வாங்கணும். எல்லாக் கம்பெனியிலும் இதே கதைதான், எண்கள் மட்டும் மாறும். போனும் கேமராவும் குறைவாகத்தான் இழுக்கும். புது வைஃபை ஆக்சஸ் பாயின்ட்கள்தான் பசிக்காரர்கள். 2018-இல் வந்த 802.3பிடி தரம் போர்ட்டுக்கு 90 வாட் வரை போகிறது, ஆனால் கேம்பஸில் அது தேவைப்படும் இடங்கள் கொஞ்சம்தான்.

மல்டிகிக், அதாவது 1 ஜி-க்கு மேல் 2.5 ஜி போன்ற வேகமும் தரும் போர்ட். வைஃபை 6, 7 ஆக்சஸ் பாயின்ட்களுக்கு 2.5 ஜி போர்ட் இருந்தால் நல்லது. இதற்காகக் கேபிளைப் பிடுங்கி மாற்ற வேண்டாம், நல்ல நிலையில் உள்ள கேட் 5ஈ கேபிளிலேயே 2.5 ஜி 100 மீட்டர் போகும். 48 போர்ட்டும் மல்டிகிக்காக இருக்க வேண்டியதும் இல்லை. ஒரு மாடியில் எத்தனை ஆக்சஸ் பாயின்ட் வைப்பீர்கள்? எட்டோ பன்னிரண்டோ மல்டிகிக் போர்ட் உள்ள மாடல்கள் கிடைக்கின்றன, விலையும் அதற்கேற்பக் குறையும்.

அட்டவணை அளவு. எத்தனை கருவிகளை ஸ்விட்ச் நினைவில் வைக்கும் என்ற கணக்கு இது: மேக் முகவரி எத்தனை, ஏஆர்பி எத்தனை, ஐபிவி6 அண்டை முகவரி எத்தனை. ஆக்சஸ் மட்டத்தில் இது பெரிதாக உறுத்தாது. எல்லா வீலேனுக்கும் (ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்குகளுக்கும்) கேட்வேயாக, அதாவது வெளிவாசலாக, நடுவில் நிற்கும் கோர் ஸ்விட்ச்சில் உறுத்தும். ஐபிவி6 இயக்கிவிட்டால் ஒரு மாணவரின் போன் ஒன்றே இரண்டு மூன்று முகவரிகளை வைத்துக்கொள்ளும். ஹாஸ்டலில் ராத்திரி 9 மணிக்கு எண்ணிப் பாருங்கள்.

லைசென்ஸ் முடிந்த மறுநாள் என்ன ஆகும். முதல் வருட விலையைப் பேரம் பேசி அடித்துக் குறைக்கிறோம். நான்காம் வருடம் வரும் புதுப்பிப்புத் தொகையை யாரும் கேட்பதில்லை.

யார் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு இதுதான் முதல் அளவுகோல். ராத்திரி 2 மணிக்கு நெட்வொர்க் விழுந்தால் கன்சோல் கேபிளோடு போய் நிற்கப்போவது யார், அவருக்கு எந்தக் கம்பெனியின் கமாண்ட் கைப்பழக்கம்?

## கேம்பஸ் பெட்டி வேறு, டேட்டா சென்டர் பெட்டி வேறு

இரண்டும் 48 போர்ட், இரண்டும் ஒரே உயரம், படத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி. ஆனால் கேம்பஸ் ஸ்விட்ச் வெளியே இருக்கும் ஆளை நம்பாது: மாட்டுகிறவர் யாரென்று சரிபார்க்கும் 802.1எக்ஸ், பிஓஇ, யாராவது இரண்டு போர்ட்டை ஒரே கேபிளால் இணைத்து லூப் போட்டுவிட்டால் தடுக்கும் ஏற்பாடு, எல்லாம் அதற்காக. டேட்டா சென்டர் ஸ்விட்ச்சுக்கு அந்தக் கவலை இல்லை. அதற்கு வேகம் வேண்டும், 25 ஜி, 100 ஜி போர்ட் வேண்டும், ஒன்று செத்தாலும் மற்றது தாங்க வேண்டும். பிஓஇ இருக்காது. சத்தம் இருக்கும். ஒருமுறை விலை தோதாக வந்ததென்று டேட்டா சென்டர் ஸ்விட்ச் ஒன்றை நூலகத்தின் மூலையில் வைத்தோம். இரண்டாம் நாளே நூலகர் வந்து, "தம்பி, அந்த ஏரோபிளேனை எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டார்.

டேட்டா சென்டர் பெட்டியில் இன்னொரு கண்ணி காற்று போகும் திசை. இதில் நான் சொந்தமாகச் சூடு பட்டிருக்கிறேன். வாடகை ரேக் ஒன்றில் இரண்டு ஸ்விட்ச் மாட்டினோம். சர்வர்களின் நெட்வொர்க் போர்ட் பின்பக்கம் இருப்பதால் ஸ்விட்ச்சின் போர்ட் பக்கத்தையும் பின்னால் திருப்பினோம், பேட்ச் கார்டு நீளம் மிச்சம். ஆனால் நான் ஆர்டர் செய்திருந்தது போர்ட் பக்கமிருந்து காற்றை உள்ளே இழுக்கும் ஃபேன். ரேக்கின் பின்பக்கம் சர்வர்கள் வெப்பத்தைத் துப்பும் பக்கம். அந்தச் சூட்டையே ஸ்விட்ச் உறிஞ்சி, அரை மணி நேரத்தில் வெப்ப அலாரம். ஃபேனை மட்டும் மாற்றினால் போதாது, பவர் சப்ளைகளும் அதே திசையில் இருக்க வேண்டும். மாற்று வந்து சேர மூன்று வாரம் ஆனது. அதுவரை ரேக் கதவைத் திறந்து வைத்து ஓட்டினோம். சிஸ்கோவின் டேட்டா சென்டர் வரிசையான நெக்ஸஸில் இந்தத் திசையை நிறத்தால் காட்டுவார்கள்: பர்கண்டிச் சிவப்பு என்றால் போர்ட் பக்கம் இழுக்கும், நீலம் என்றால் போர்ட் பக்கம் தள்ளும். கொட்டேஷனில் ஒரே ஒரு எழுத்துதான் மாறும். அந்த எழுத்தைப் பாருங்கள்.

## கேம்பஸுக்கான நான்கு வழிகள்

| | கேட்டலிஸ்ட் 9200 / 9300 | மெராக்கி எம்எஸ் | அருபா சிஎக்ஸ் 6200 / 6300 | ஜூனிபர் ஈஎக்ஸ் + மிஸ்ட் |
|---|---|---|---|---|
| சந்தா முடிந்தால் | ஓடும். டிஎன்ஏ (சிஸ்கோ சந்தா) வசதிகள் போகும் | சலுகை நாள் தாண்டினால் நிற்கும் | ஓடும். கிளவுட் மேலாண்மை போகும் | ஓடும். கிளவுட் வசதிக்குச் சந்தா வேண்டும் |
| ஸ்டாக் (பல பெட்டியை ஒன்றாக இணைப்பது) | 8 வரை | 8 வரை | 6200எஃப்: 8, 6300: 10 வரை | ஈஎக்ஸ்4400: 10 வரை |
| ஆள் கிடைப்பது | மிக எளிது | ஆளே குறைவாகப் போதும் | பரவாயில்லை | தேட வேண்டும் |
| பொருந்தும் இடம் | பழைய சிஸ்கோ கேம்பஸ் | சிறு கிளைகள் பல | பட்ஜெட் இறுக்கமான பெரிய கேம்பஸ் | வைஃபை புகார் அதிகமுள்ள இடம் |

### சிஸ்கோ கேட்டலிஸ்ட்

9000 வரிசை 2017-இல் வந்தது. இதன் மிகப் பெரிய பலம் பெட்டிக்கு வெளியே இருக்கிறது: சிஸ்கோவின் சிசிஎன்ஏ சான்றிதழ் படித்தவர் எந்த ஊரிலும் கிடைப்பார். வேலையை விட்டு ஒருவர் போனால் அடுத்த மாதமே வேறொருவர் வந்து பழைய கான்ஃபிகரேஷனைப் படித்துப் புரிந்துகொள்வார். சின்ன ஊர்க் கல்லூரிக்கு இது லேசான விஷயமில்லை.

செலவு டிஎன்ஏ சந்தாவில் ஒளிந்திருக்கிறது. வாங்கும்போதே பொதுவாக 3, 5 அல்லது 7 வருடத்துக்கு அதைச் சேர்த்துத்தான் தருவார்கள். முடிந்தபின் ஸ்விட்ச் நிற்காது, அடிப்படை நெட்வொர்க் லைசென்ஸ் நிரந்தரமானது. மத்தியிலிருந்து மேலாளும் சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் சென்டர் மென்பொருளை நீங்கள் உண்மையிலேயே இயக்கப்போவதில்லை என்றால் மிகக் குறைந்த அடுக்கு, மிகக் குறைந்த வருடம் போதும். நான் பார்த்த இடங்களில் பாதிக்கு மேல் உயர்ந்த அடுக்கை வாங்கி, அதன் ஒரு வசதியைக்கூடத் தொடாமல் வைத்திருக்கிறார்கள்.

9200-இல் "எல்" என்று முடியும் மாடல்களின் அப்லிங்க் நிரந்தரமாகப் பதிந்தது, பிறகு மாற்ற முடியாது. இன்றைக்கு 1 ஜி அப்லிங்க் மாடலைக் காசு குறைவென்று எடுத்தால், ஏழு வருடம் அதோடுதான் குடித்தனம். இன்னொன்று, 2025 ஜூனில் 9350 என்ற அடுத்த தலைமுறை அறிவிக்கப்பட்டுவிட்டது. 9300 வாங்குகிறவர்களுக்கு விலை பேச இது ஒரு பிடி.

### மெராக்கி

2012-இல் சிஸ்கோ வாங்கிய நிறுவனம். எல்லாமே கிளவுடில். நாற்பது ஊரில் நாற்பது கிளை, எந்தக் கிளையிலும் நெட்வொர்க் ஆள் இல்லை என்றால் இதை விடச் சுகமான வழி கிடையாது. பெட்டியைக் கூரியரில் அனுப்பினால் போதும், கடைப் பையனே மாட்டிவிடுவான்.

ஆனால் எல்லாப் பெட்டிக்கும் ஒரே முடிவுத் தேதி வைக்கும் லைசென்ஸ் முறையில், தேதி தாண்டி 30 நாள் சலுகை. அதற்கப்புறமும் புதுப்பிக்காவிட்டால் கருவிகள் வேலையை நிறுத்தும். நிதியாண்டு முடிவில் கோப்பு மேசை மேசையாக நகரும் நிறுவனங்களுக்கு 30 நாள் என்பது எவ்வளவு குறைவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளூரில் ஆள் வைத்திருக்கும் கல்லூரிக்கு இதைச் சொல்லமாட்டேன்.

### அருபா சிஎக்ஸ்

எச்பி 2015-இல் அருபாவை வாங்கியது. அதே வருடம் எச்பி இரண்டாகப் பிரிந்தபோது அது எச்பிஇ பக்கம் போனது. சிஎக்ஸ் வரிசை அதற்குப் பின் புதிதாக எழுதப்பட்ட மென்பொருளில் ஓடுகிறது. ஸ்விட்ச் தன் வேலையைச் செய்யத் தனிச் சந்தா தேவையில்லை. கிளவுடில் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் அருபாவின் சென்ட்ரல் சந்தா. அறுபது பெட்டி வாங்குகிறவருக்கு ஐந்து வருடக் கணக்கில் இது பெரிய தொகை. 6100, 6200, 6300-க்கு வாழ்நாள் உத்தரவாதமும் உண்டு. கேட்டலிஸ்ட் 9200, 9300-க்கும் உண்டுதான், ஆகவே இதை ஒரு பக்கத்துச் சாதகமாகக் காட்டும் விற்பனைக்காரரை நம்ப வேண்டாம். இந்த உத்தரவாதங்களில் "அடுத்த வேலைநாள்" என்று வருமே, அது மாற்றுப்பெட்டி அங்கிருந்து கிளம்பும் நாளா, உங்கள் வாசலுக்கு வரும் நாளா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய எச்பி ப்ரோகர்வ் பழகியவர்கள் ஒரு இடத்தில் தடுக்கி விழுவார்கள். ப்ரோகர்வில் "ட்ரங்க்" என்றால் இரண்டு மூன்று கேபிளைச் சேர்த்து ஒன்றாக்குவது. சிஸ்கோவில் "ட்ரங்க்" என்றால் பல வீலேன்களைச் சுமக்கும் போர்ட். சிஎக்ஸ் சிஸ்கோவின் பொருளுக்கு வந்துவிட்டது. ஒரே ரேக்கில் பழைய எச்பி, புது சிஎக்ஸ் இரண்டும் இருந்தால், போனில் "ட்ரங்க் போடு" என்று சொல்வதற்கு முன் எந்தப் பெட்டி என்று சொல்லிவிடுங்கள்.

### ஜூனிபர் ஈஎக்ஸ், மிஸ்ட்

எனக்குச் சொந்தமாகப் பிடித்தது ஜூனிபர் பெட்டிகளில் ஓடும் ஜூனோஸ் மென்பொருள். காரணம் ஒன்றே ஒன்று: கமிட் கன்ஃபர்ம்டு. மாற்றம் செய்து இந்தக் கட்டளையைக் கொடுத்தால், பத்து நிமிடத்துக்குள் நீங்கள் மறுபடி உறுதி செய்யாவிட்டால் ஸ்விட்ச் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஒருநாள் ராத்திரி 11 மணிக்கு, வீட்டிலிருந்தபடி ஒரு அப்லிங்கில் வீலேன் பட்டியலைத் திருத்தினேன். மேலாண்மை வீலேனின் எண்ணையே பட்டியலிலிருந்து தூக்கிவிட்டேன். திரை உறைந்தது. பெட்டி இருந்தது 40 கிலோமீட்டருக்கு அப்பால், பூட்டிய கட்டிடத்தில். ஒரு டீ போட்டுக் குடித்து முடிப்பதற்குள் திரை உயிர்த்தது. அன்றிலிருந்து வேறு கம்பெனிப் பெட்டியில் வேலை செய்தாலும் இதற்கு இணையான கட்டளையை முதலில் தேடுவேன். சிஎக்ஸில் நேரம் வைத்த செக்பாயின்ட் இருக்கிறது. சிஸ்கோவில் "பத்து நிமிடத்தில் ரீலோட்" என்று வைத்துவிட்டு வேலை செய்வது பழைய தந்திரம்.

2019-இல் ஜூனிபர் வாங்கிய மிஸ்ட், வைஃபை புகார்களை வகைபிரித்துக் காட்டுவதில் கெட்டி. ஒரு மாணவருக்கு நெட் வரவில்லை என்றால் பாஸ்வேர்டு தவறா, ஐபி முகவரி தரும் டிஎச்சிபி சர்வரிடமிருந்து பதில் வரவில்லையா, கேபிள் பழுதா என்று காட்டும்.

இப்போதைய சிக்கல் கம்பெனியின் எதிர்காலப் பாதை. 2024 ஜனவரியில் எச்பிஇ ஜூனிபரை 1,400 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டு, சமரசமாகி, 2025 ஜூலை 2-இல் கைமாறியது. ஆக அருபாவும் ஜூனிபரும் இப்போது ஒரே கூரையின் கீழ். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு ஸ்விட்ச் வரிசை நீண்ட நாள் இணையாக ஓடுமா என்பது யாருக்கும் எழக்கூடிய சந்தேகம்தான். நீங்கள் கேட்கும் மாடலுக்கு எத்தனை வருட ஆதரவு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

## சர்வர் பக்கம்

8 சர்வர் உள்ள அறைக்கு ஸ்பைன்-லீஃப், விஎக்ஸ்லேன், கன்ட்ரோலர் என்று பெரிய டேட்டா சென்டர் அமைப்புகளை யாராவது படம் போட்டுக் காட்டினால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். கன்ட்ரோலர் வைத்து மொத்த நெட்வொர்க்கையும் ஆளும் சிஸ்கோ ஏசிஐ எடுத்தால் முறையான பயன்பாட்டுக்குக் கன்ட்ரோலரே மூன்று வேண்டும், உங்களிடம் இருப்பது எட்டு சர்வர். விஎக்ஸ்லேன் வந்தது வீலேன் எண் 4,094-இல் முட்டிக்கொண்டதால், அது 1.6 கோடிக்கு மேல் தனி நெட்வொர்க்குகளைத் தரும். கல்லூரியில் ஐம்பது வீலேன் இருந்தால் அதிகம்.

உங்களுக்கு வேண்டியது இரண்டு ஸ்விட்ச், ஒவ்வொரு சர்வரிலிருந்தும் இரண்டுக்கும் ஒவ்வொரு கேபிள். இதை ஸ்டாக்காகச் செய்யாதீர்கள். ஸ்டாக் என்பது ஒரே மூளை, மென்பொருள் ஏற்றும்போது சாதாரணமாக எல்லாப் பெட்டியும் சேர்ந்து படுக்கும். வகுப்பறை மாடியில் ஞாயிறு காலை ஐந்து நிமிடம் படுத்தால் யாருக்கும் தெரியாது. சர்வர் அறையில் ஸ்டோரேஜ் கேபிளும் அதே பெட்டியில் இருந்தால், விர்ச்சுவல் மெஷின்கள் அந்த ஐந்து நிமிடத்தைத் தாங்காது. நெக்ஸஸில் விபிசி, அரிஸ்டாவில் எம்லாக், அருபாவில் விஎஸ்எக்ஸ் என்று பெயர் வேறானாலும் கருத்து ஒன்று: இரண்டு மூளை, தனித்தனியாக அப்டேட்.

இந்த அளவைத் தாண்டி, பத்து இருபது ரேக் என்று போகிறவர்களுக்குத்தான் அடுத்த ஒப்பீடு.

### நெக்ஸஸ் 9000

கேம்பஸில் சிஸ்கோ இருந்தால் இயல்பான நீட்சி. ஆனால் கேட்டலிஸ்ட் தெரிந்தால் நெக்ஸஸும் தெரியும் என்று நினைக்க வேண்டாம். என்எக்ஸ்-ஓஎஸ் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் வேறு மென்பொருள். பல வசதிகளை முதலில் "ஃபீச்சர்" என்று இயக்கினால்தான் அதற்கான கட்டளையே தோன்றும். முதல் நாள் வருகிறவர் கட்டளை வேலை செய்யவில்லை என்று ஒரு மணி நேரம் விழிப்பார்.

சர்வர்கள் நேராக மாட்டும் லீஃப் பெட்டியின் வழக்கமான வடிவம் 25 ஜி 48, 100 ஜி 6. கீழே சர்வர் பக்கம் 1,200, மேலே அப்லிங்க் பக்கம் 600, அதாவது இரண்டுக்கு ஒன்று. நான்கு அப்லிங்க் மட்டும் இணைத்தால் மூன்றுக்கு ஒன்று. பெரும்பாலான நிறுவன வேலைக்கு மூன்றுக்கு ஒன்றே தாராளம்.

### அரிஸ்டா

2004-இல் தொடங்கிய கம்பெனி, 2008-லிருந்து ஜெயஸ்ரீ உள்ளால் தலைமையில். ஈஓஎஸ் என்ற ஒரே மென்பொருள்தான் எல்லாப் பெட்டியிலும். சின்ன ஸ்விட்ச்சில் கற்றது பெரியதிலும் செல்லும். அடியில் லினக்ஸ் திறந்தே இருக்கும். தானியங்கியாக்கம் செய்யும் ஆட்களுக்கு இது வீடு மாதிரி.

இவர்களிடம் 7280 வரிசை போன்ற ஆழமான பஃபர் பெட்டிகள் உண்டு. பஃபர் என்பது நெரிசலில் பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவகம். அது எப்போது தேவை? சாதாரண லீஃப் பெட்டியில் எல்லாப் போர்ட்டுக்கும் பொதுவாக 32 மெகாபைட் பஃபர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஸ்டோரேஜ் சர்வர்கள் தலா 25 ஜி வேகத்தில், 25 ஜி போர்ட்டில் உள்ள ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் பதில் அனுப்புகின்றன. மிஞ்சுவது 75 ஜி. முழு பஃபரையும் அந்த ஒரு போர்ட்டுக்கே விட்டுக்கொடுத்தாலும் மூன்றரை மில்லி வினாடிகூட தாங்காது, அப்புறம் பாக்கெட்டுகள் கீழே விழும். ஆழமான பெட்டியில் பஃபர் ஜிகாபைட் கணக்கு. பெரிய ஸ்டோரேஜ் கிளஸ்டர், தூரத்து டேட்டா சென்டருக்குப் போகும் இணைப்பு, இவை இருந்தால் அந்தக் காசைக் கொடுங்கள். வெறும் வெப் சர்வர்களுக்கு வேண்டாம்.

இங்கே யோசிக்க வேண்டியது ஆள்தான். சென்னை, பெங்களூரு தாண்டினால் ஈஓஎஸ் கைப்பழக்கம் உள்ளவர் அரிது. சிஸ்கோ கமாண்ட் தெரிந்தவர் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார் என்பது ஆறுதல்.

### சோனிக்

மைக்ரோசாஃப்ட் தன் கிளவுடுக்கு எழுதி 2016-இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட ஸ்விட்ச் மென்பொருள். 2022-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குப் போனது. பெட்டியை ஒருவரிடம், மென்பொருளை இன்னொருவரிடம் வாங்கலாம். டெல் போன்றவர்கள் ஆதரவோடும் விற்கிறார்கள். நூற்றுக்கணக்கான ஒரேமாதிரி லீஃப், லினக்ஸில் ஊறிய ஐந்து பேர் குழு, இரண்டும் உங்களிடம் இருந்தால் கணக்கு மிக அழகாக வரும். ஸ்விட்ச் பத்து என்றால், லைசென்ஸில் மிச்சமானதை விடச் சம்பளத்தில் கூடப் போகும்.

தனியாக வாங்கினால் யாருக்கும் அடிமையில்லை என்ற பேச்சையும் கொஞ்சம் உப்போடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இதேபோல் தனியாக வாங்கக் கிடைத்த குமுலஸ் லினக்ஸ் என்ற ஸ்விட்ச் மென்பொருளை நம்பி பிராட்காம் சில்லுப் பெட்டி வாங்கியவர்கள் பலர். 2020-இல் என்விடியா குமுலஸை வாங்கியது, ஐந்தாம் பதிப்பு முதல் அது என்விடியாவின் சொந்தச் சில்லுகளில் மட்டுமே ஓடுகிறது. பெட்டி நன்றாகத்தான் இருந்தது. ஏற்றத்தான் புது மென்பொருள் இல்லை.

## கொட்டேஷனில் வராதவை

ஆப்டிக்ஸ் முதலில். ஃபைபரை ஸ்விட்ச்சில் மாட்ட உதவும் சின்ன டிரான்ஸீவர்தான் இது. கம்பெனி முத்திரை போட்ட டிரான்ஸீவருக்கும் அதே தரத்தில் வெளியில் கிடைப்பதற்கும் விலை பல மடங்கு வித்தியாசம். வெளிச்சரக்கைப் பல ஸ்விட்ச்கள் தடுக்கும், ஆனால் சிஸ்கோவிலும் சிஎக்ஸிலும் அனுமதிக்க ஒரு கட்டளை இருக்கிறது. என் வழக்கம்: கோர் இணைப்புகளுக்குக் கம்பெனிச் சரக்கு, ஆக்சஸுக்கு வெளிச்சரக்கு, கூடவே ஒரு ஜோடி கம்பெனிச் சரக்கு மேசை இழுப்பறையில். ஆதரவுக்கு அழைத்தால் முதல் கேள்வியே "டிரான்ஸீவர் எங்களுடையதா?" என்பதுதான், அப்போது மாட்டிக் காட்ட உதவும். ரேக்குக்குள்ளேயே என்றால் 3 மீட்டருக்குள் இருக்கும் டிஏசி செப்புக் கேபிளே போதும், ஆப்டிக்ஸே வேண்டாம்.

யுபிஎஸ் அடுத்தது. பிஓஇ வாட் எல்லாம் அந்தந்த மாடியின் யுபிஎஸ் தலையில் விழும். 2960-எக்ஸுக்கு வாங்கிய 1 கேவிஏ யுபிஎஸ், முழு பிஓஇ சுமையோடு புது ஸ்விட்ச்சைத் தாங்கி எத்தனை நிமிடம் நிற்கும் என்று ஒருமுறை மெயினை அணைத்துப் பாருங்கள்.

மென்பொருள் அப்டேட் இறக்க ஆதரவு ஒப்பந்தம் வேண்டுமா, உத்தரவாதத்தோடு வருகிறதா என்பதை ஆர்டருக்கு முன்பே கேளுங்கள். அரசு நிறுவனம் என்றால் கூடுதலாக ஒன்று: நம்மோடு நில எல்லை பகிரும் நாடுகளைச் சேர்ந்த விற்பனையாளர்கள், 2020 ஜூலையில் வந்த விதிப்படி, முன்கூட்டியே அரசிடம் பதிவு செய்யாமல் டெண்டரில் கலந்துகொள்ள முடியாது. ஹுவாவே போன்ற பெயர்கள் விலையில் முந்தினாலும் இந்தப் படியில் கோப்பு நிற்கலாம்.

கடைசியாக ஃபைபர். அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். 2000-களின் தொடக்கத்தில் கட்டிடங்களுக்கு இடையே இழுத்த ஃபைபர் பெரும்பாலும் உறையில் 62.5/125 என்று அச்சிட்ட ஓஎம்1 என்ற பழைய வகை. 1 ஜி-க்கு அது ஒழுங்காக வேலை செய்தது. வழக்கமான 10 ஜி எஸ்ஆர் ஆப்டிக்ஸ் போட்டால் ஓஎம்1-இல் 33 மீட்டர்தான், ஓஎம்3 என்றால் 300 மீட்டர். எல்ஆர்எம் என்ற வகை ஆப்டிக்ஸ் 220 மீட்டர் வரை காப்பாற்றும், ஆனால் எல்லாப் பெட்டியும் ஏற்காது. இல்லாவிட்டால் பள்ளம் தோண்டி, நெடுந்தூரம் தாங்கும் சிங்கிள்மோட் ஃபைபர் இழுக்க வேண்டியதுதான். அந்தச் செலவு எந்த ஸ்விட்ச் கம்பெனியின் கொட்டேஷனிலும் வராது.

## அந்த வாசகருக்கு

ஆட்கள் இருவர், இருவருக்கும் சிஸ்கோ பழக்கம். பட்ஜெட் ஒருமுறைதான் கிடைக்கும், நான்காம் வருடப் புதுப்பிப்புக்கு நிர்வாகம் கையெழுத்துப் போடாது என்று அவரே சொல்கிறார். இந்த நிலையில் என் கை அருபா 6200 பக்கம் சாய்கிறது. ஆக்சஸுக்கு 6200, கட்டிடங்கள் சேரும் கோரில் விஎஸ்எக்ஸ் வசதியுள்ள பெரிய சிஎக்ஸ் ஒரு ஜோடி, சர்வர்களும் அதிலேயே. கட்டளைகள் சிஸ்கோவுக்குப் பக்கத்தில் இருப்பதால் இருவரும் ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள். ஆனால் கேட்டலிஸ்ட் கொட்டேஷன்காரர், 5 வருடச் சந்தாவைச் சேர்த்த மொத்த விலையில் பத்து சதவீத வித்தியாசத்துக்குள் இறங்கி வந்தால், வீண் வேலை வேண்டாம், சிஸ்கோவிலேயே இருங்கள் என்பேன். மூன்றாவது கொட்டேஷன் எல்-1தான். ஆனால் அதில் அப்லிங்க் 10 ஜி என்று போட்டுவிட்டு ஒரு டிரான்ஸீவர்கூடச் சேர்க்கவில்லை. சேர்த்தால் அது எல்-1 இல்லை.

இதை எழுதி அனுப்பும் முன் ஒன்று மட்டும் கேட்டேன்: தூரத்துக் கட்டிடத்துக்குப் போகும் ஃபைபரின் உறையில் என்ன அச்சிட்டிருக்கிறது? மறுநாள் படம் வந்தது. ஆரஞ்சு நிற உறை, தூசியைத் துடைத்த இடத்தில் 62.5/125 என்று தெரிந்தது. ஹாஸ்டல் வரை 180 மீட்டராம். ஸ்விட்ச் ஆர்டரை அப்படியே நிறுத்திவைத்து, முதலில் ஃபைபர் இழுப்பவரிடம் கொட்டேஷன் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.